நோயாளியின் கதை யாருக்குச் சொந்தம்?

உளப்பகுப்பாய்வாளர் ஒருவர் எழுத்தாளராக மாறுவதை அறிவுலகம் பாராட்டுடனேயே வரவேற்று வந்துள்ளது. மனித மனத்தின் ஆழங்களை நாள்தோறும் கண்டவருக்கே அவற்றை எழுதும் தகுதி மிகுதியும் உண்டு என்பது அவ்வரவேற்பின் அடிப்படை. அவர் கண்டது யாருடைய மனத்தின் ஆழம் என்னும் வினா மட்டும் எழுப்பப்படுவதில்லை.

இவ்விரட்டைத் தொழிலின் முன்னோடி சிக்மண்ட் பிராய்டே ஆவார். 1895இல் புரோயருடன் இணைந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலிலேயே, தமது நோயாளர் வரலாறுகள் சிறுகதைகள் போல அமைந்துவிடுவதை அவர் குறிப்பிட்டார். 1930இல் பிராங்பேர்ட் நகரம் அவருக்குக் கேத்தே பரிசினை வழங்கிற்று. ஆனால் அப்புகழின் பின்னால் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியும் நிற்கின்றாள். 'டோரா' என அவர் புனைபெயரிட்ட அப்பெண், 1900 டிசெம்பர் 31இல் தானாகவே சிகிச்சையை முறித்துக்கொண்டு வெளியேறினாள். 1905இல் அவளது அந்தரங்கம் அச்சேறியது. தாம் கூறுவன ஆய்வுக்குப் பயன்படுமென அறிந்திருந்தால் நோயாளர் வாய்திறந்திருக்கமாட்டார் என்பதையும், அனுமதி கேட்டாற் கிடைக்காது என்பதையும் பிராய்ட் முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கின்றார். ஒப்புக்கொண்ட பின்னரும் வெளியிடுகின்றார். அறிவியலுக்குச் செய்யும் கடமை என்பதே அவர் கூறும் நியாயம்.

அந்நியாயத்தை முற்றாகத் தள்ளிவிடுதல் இயலாது. நோயாளர் வரலாறுகளின்றி மருத்துவம் வளராது. ஆனால் அதே வரலாற்றைக் கதையாக்கிச் சந்தைக்கு அனுப்புபவர் அறிவியலின் நியாயத்தைக் கடன்வாங்க முடியுமா? பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டோம் என்பர். அம்மாற்றம் அயலவரின் கண்ணை மறைக்கலாம். தன் கதையைத் தானே வாசிக்க நேரும் நோயாளியின் கண்ணை மறைக்காது. கட்டணத்தையும் செலுத்தித் துயரத்தையும் கொடுப்பவர் ஒருவர். புகழும் ஊதியமும் பெறுபவர் இன்னொருவர். இதனைச் சுரண்டல் என்னாது வேறு எப்பெயரால் அழைப்பது?

இவ்வாறு கூறின் உளப்பகுப்பாய்வாளர் எழுதவே கூடாதா எனச் சிலர் வினவுவர். இந்திய உளப்பகுப்பாய்வாளரான சுதிர் கக்காரின் (1938–2024) வாழ்வு இதற்கு விடை தருகின்றது. பிராங்பேர்ட்டில் பயின்று டில்லியில் தொழில் புரிந்த அவருடைய ஆய்வு நூல்களில் நோயாளர் வரலாறுகள் உள்ளன. ஆனால் அறுபதாம் வயதில், 1998இல், நாவலாசிரியராக வெளிப்பட்டபோது அவர் வாத்ஸ்யாயனரைத் தேடிச் சென்றார். 2004இல் காந்தியையும் மீராபென்னையும், 2010இல் தாரா சுக்கோ – ஔரங்கசீப் போராட்டத்தையும் நாவலாக்கினார். மனித ஆசையையும் பக்தியையும் பகையையும் ஆராய அவருக்கு வரலாறு போதியதாயிற்று.

இங்கு ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. பிறர் பேச்சைப் பல்லாண்டு கேட்டதனாற் கூர்மை பெற்ற நுண்ணுணர்வு பகுப்பாய்வாளரின் சொந்த உழைப்பின் பயன். அதனை எங்கும் பயன்படுத்த அவருக்கு உரிமையுண்டு. கேட்ட இரகசியங்களோ அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளை விற்பவனை உலகம் கள்வன் என்றே அழைக்கும். அவன் அதனை அழகிய பேழையில் வைத்து விற்றான் என்பதற்காக விமர்சகர்கள் மட்டும் அவனைக் கலைஞன் எனப் போற்றவேண்டியதில்லை.