பழைய கம்ப்யூட்டர் போதும்!

மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு படிக்கிறான். "வீட்டில் இருப்பது பழசு. புதிது வேண்டும்" என்கிறான். புதிது வாங்கினால் தகப்பனாரின் பல மாதச் சம்பளம் போய்விடும்!

திண்டுக்கல்லில் மில் வேலைக்குப் போகிறவர் வீட்டிலும், சின்னாளபட்டியில் தறி நெய்கிறவர் வீட்டிலும் இந்தக் கவலை உண்டு. 2025 அக்டோபர் 14-ந் தேதி, விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. அது கவலையைக் கூட்டிவிட்டது.

அவசரப்பட வேண்டாம். யூனிக்ஸ் பழகுவதற்குப் புதுப் பெட்டி தேவை இல்லை.

யூனிக்ஸ், 1969-ம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. லினக்ஸ் அதன் வழியில் வந்தது. அதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ஒரே யந்திரத்தில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். கணக்கைப் பெரிய யந்திரம் போடும். அதன் திரை மட்டும் வீட்டில் இருக்கும் சிறிய கம்ப்யூட்டரில் தெரியும். கல்லூரியில் நல்ல லினக்ஸ் யந்திரம் ஒன்று இருந்தால், வீட்டில் பழைய பெட்டியே போதும்.

இரண்டையும் இணைக்க ஒரு சாப்ட்வேர் வேண்டும். எது நல்லது?

மூத்தது "எக்ஸ்" என்ற முறை ஆகும். 1984-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் உருவானது. "இங்கே கோடு போடு, அங்கே எழுத்தை எழுது" என்று பெரிய யந்திரம் உத்தரவு அனுப்பும். வீட்டுக் கம்ப்யூட்டர் வரைந்து காட்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்ய "எக்ஸீட்" என்ற சாப்ட்வேர் உண்டு. அது விலைக்கு விற்பது. பெரிய கம்பெனிக்குச் சரி, மாணவனுக்கு எதற்கு? "வி.சி.எக்ஸ்.எஸ்.ஆர்.வி." இலவசம். "மோபா எக்ஸ்டெர்ம்" வீட்டுப் பதிப்பும் இலவசம்.

கல்லூரிக் கட்டடத்துக்குள் "எக்ஸ்" ஜோராக ஓடும். ஊருக்கு வந்தால் தகராறு! ஒரு சிறிய கட்டம் திறப்பதற்குக்கூட இரண்டு யந்திரங்களும் பல முறை கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். லைன் மெதுவாக இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம், லைன் அறுந்தால் வேலையும் அறுந்துவிடும். வேடசந்தூர் பக்கம் ஒரு மழைக்காற்று அடித்து லைன் போனால், சேமிக்காமல் வைத்திருந்த இரண்டு மணி நேர வேலை போச்சு!

இதற்கு மாற்று "வி.என்.சி." இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடம், 1998-ல் இதை இலவசமாக வெளியிட்டது. இது உத்தரவு அனுப்பாது, படத்தையே அனுப்பும். லைன் போனாலும் கவலை இல்லை. வேலை பெரிய யந்திரத்தில் அப்படியே இருக்கும். கரண்ட் வந்த பிறகு மறுபடி நுழைந்தால், விட்ட இடத்தில் தொடரலாம்.

ஆனால் பழைய வி.என்.சி.யின் பூட்டு சரி இல்லை. எவ்வளவு நீளமான ரகசியச் சொல் கொடுத்தாலும் முதல் 8 எழுத்துகளைத்தான் பார்க்கும். பூட்டுக்குப் பெயர் போய், 2019-ல் புவிசார் குறியீடும் பெற்ற ஊரில், இதை ஒரு பூட்டு என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா? "எஸ்.எஸ்.எச்." என்ற பாதுகாப்பான வழிக்குள் அதைச் செலுத்த வேண்டும். எஸ்.எஸ்.எச். 1995-ல் பின்லாந்தில் பிறந்தது. பூட்டைக் கல்லூரியிடம் கொடுத்துவிட்டு, சாவியை வீட்டில் வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு அதில் உண்டு.

கல்லூரி யந்திரத்தில் "எக்ஸ்-ஆர்.டி.பி." போட்டிருந்தால், விண்டோசில் ஏற்கெனவே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பே போதும். வீட்டில் எதையும் புதிதாக ஏற்ற வேண்டாம். ஆரம்பப் பாடத்துக்கு இது சுலபம்.

கிராமத்து லைனுக்கு ஏற்றது "எக்ஸ்-டூ-கோ" தான். இதுவும் இலவசம். எக்ஸ் முறையின் கேள்வி பதில்களைக் குறைத்து, சுருக்கி அனுப்புகிறது. எஸ்.எஸ்.எச். பூட்டு கூடவே வருகிறது. லைன் போனாலும் வேலை நிற்காது. விண்டோஸ் 10 பெட்டியில் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினாலும் ஓடும். ஒரு குறை உண்டு. பளபளப்பான புதிய திரை வகைகள் சில இதில் சரியாக வராது. கல்லூரியில் "எக்ஸ்.எப்.சி.ஈ." அல்லது "மாட்டே" என்ற எளிய திரையைப் போட வேண்டும். படிக்கிற பிள்ளைக்குப் பளபளப்பு எதற்கு?

இதெல்லாம் கல்லூரி மனம் வைத்தால்தான் நடக்கும். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், காந்திகிராமத்தில் 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் தொடங்கியது, உயர்ந்த படிப்பு கிராமத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். படிப்பு கிராமத்துக்கு வரலாம் என்றால் யந்திரத்தின் திரை வரக்கூடாதா? மாலையில் அறையைப் பூட்டிய பிறகு பெரிய யந்திரம் சும்மா கிடப்பதில் யாருக்கு லாபம்? மாணவர்களுக்குக் கணக்கு திறந்து, ஆளுக்கு இவ்வளவு இடம் என்று அளந்து கொடுத்தால் போதும். யந்திரம் பழுதானால் எல்லோர் வேலையும் நிற்கும் என்பது உண்மை. அதனால் தினமும் நகல் எடுத்து வைக்க ஓர் ஆளை நியமிக்க வேண்டும். அந்தச் செலவு, நூறு வீடுகளில் நூறு புதுப் பெட்டி வாங்கும் செலவுக்கு முன்னால் எம்மாத்திரம்!

சினிமாப் படம் வெட்டி ஒட்டுவது, விளையாட்டு ஆகியவை இந்த வழியில் திக்கித் திணறும். அந்த வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் புதிய கம்ப்யூட்டர் வேண்டியிருக்கும்.