லாரி எருவும் நம் காசும்

கௌதள்ளி என்றால் மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களுக்கு வழியில் ஓர் ஊர். எங்களுக்குப் பெண் கொடுத்த ஊர். முன்பு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். அங்கே என் மச்சான் சென்ற ஆண்டு ஒரு லாரி கோழி எரு இறக்கினார். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைச் சரக்கு, மேட்டூர், பாலாறு வழியாக வந்தது. வந்த வாரமே மக்காச்சோளத்தின் வேரோரம் போட்டார். அரை ஏக்கர் கருகிவிட்டது.

"என்ன மாப்பிள்ளே, இது எருவா நெருப்பா?" என்று என்னைக் கேட்டார், நான்தான் ஏதோ விற்றவன் போல!

எரு மேல் குற்றமில்லை என்பது என் கருத்து. முட்டைக்கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். பத்தாயிரம் கோழி என்றால் தினம் ஒரு டன். ஆனால் அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஈரச் சரக்கை எடை போட்டு வாங்குகிறவர், தண்ணீருக்கும் லாரி வாடகை கொடுக்கிறார்.

தின்ற தீவனத்தின் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதி எச்சத்தில் வந்துவிடுகிறது. நன்கு உலர்ந்த எருவில் நூறு கிலோவுக்குச் சுமார் 3 கிலோ தழைச்சத்து. ஏறக்குறைய அதே அளவு மணிச்சத்து. நம் மாட்டுத் தொழுவுரத்திலோ தழைச்சத்து அரைக் கிலோதான். முட்டை ஓட்டுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்பும் இதில் நிறைய உண்டு. சுண்ணாம்பு மண்காரர்கள் அளவோடு போடுவது நல்லது. இவ்வளவு வீரியமான சரக்கை மாட்டெருவைப் போல அள்ளிக் கொட்டினால் பயிர் எப்படித் தாங்கும்?

இன்னொன்று. குவியலருகே கண் எரிகிறதே, அதுதான் அம்மோனியா. நாம் காசு கொடுத்த தழைச்சத்து காற்றில் போகிறது! மூடாமல் போட்டால் பாதி வரை போய்விடும். மழை பெய்தால் மீதி ஓடைக்கு, ஈ நமக்கு.

மக்காச்சோளத் தட்டையும் சருகும் கலந்து, லேசாக ஈரம் காட்டி, அவ்வப்போது புரட்டி இரண்டு மாதம் மக்கவிட வேண்டும். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். வேரோரம் வேண்டவே வேண்டாம்.

தனித்தனியே வாங்கும்போது "காய்ந்த சரக்கு கொடு" என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை. ஊரில் நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து கேட்கலாமே? வரும் சித்திரையில் மச்சானும் நானும் ஒரு லாரி பேசப்போகிறோம். கைப்பிடி எடுத்துப் பிசைந்து பார்த்து, உதிர்ந்தால்தான் காசு. சேர விரும்புவோர் அடுத்த சங்கக் கூட்டத்தில் என்னைப் பார்க்கலாம்.