கன்று நட்டால் மட்டும் காடு வந்துவிடுமா?

(இறுதியாண்டு சிவில் மாணவன் ஒருவனின் கருத்து)



ஜூலை 26 உலக அலையாத்திக் காடுகள் தினம். 2015-ல் யுனெஸ்கோ அறிவித்தது. அன்றைக்குக் கடலோர ஊர்களில் பேனர் கட்டுவாங்க; பேன்ட்டை மடிச்சுவிட்டுச் சேற்றில் இறங்கி வரிசையாகக் கன்று நடுவாங்க; போட்டோ எடுப்பாங்க. மறுநாள் பேப்பரில் எத்தனை ஆயிரம் கன்று நட்டார்கள் என்று கொட்டை எழுத்தில் வரும். மூணு வருஷம் கழிச்சு அதில் எத்தனை உயிரோட இருக்கு? அதை யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

சேற்றில் இறங்கி நடுகிற நல்ல மனசுக்காரர்களைக் கிண்டல் பண்ணுவது என் நோக்கமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அலையாத்திக் காட்டுக்கு முதல் தேவை, தண்ணீர் வந்து போகிற வழி. கன்று அதற்கு அடுத்ததுதான். அந்த வழியை வெட்டுவதும் அடைப்பதும் நாளைக்கு சைட்டில் நிற்கப்போகிற நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. "இது பாட்டனி ஸ்டூடண்ட்ஸ் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்!

உப்பிலே வாழும், ஊறினால் சாகும்

அலையாத்தி உப்புத் தண்ணீரில் வாழ்கிற மரம் என்று எல்லாருக்கும் தெரியும். அதே தண்ணீர் வடியாமல் தேங்கிக் கிடந்தால் அது செத்துப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. காரணம் சுலபமானதுதான். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வெண்கண்டல் மரம் பென்சில் முனைபோல நூற்றுக்கணக்கான வேர்களைத் தரைக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. சுரபுன்னை கொக்குக் கால்போல வேர்களை ஊன்றி நிற்கிறது. கடல் ஏறும்போது வேர் முழுகலாம். இறங்கும்போது அது காற்றைப் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்காமலே நின்றால் மூச்சுமுட்டல்தான்.

இன்னொரு விஷயம். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். முற்றியதும் விழுந்து தண்ணீரில் மிதந்து போய், தோதான இடத்தில் வேர் பிடிக்கும். ஆக, தண்ணீருக்கு வழி இருந்தால் விதைக்கும் வழி இருக்கிறது.

பிச்சாவரம் கற்றுத்தந்த பாடம்

'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போன பிச்சாவரத்தை நம்ம அப்பா அம்மா பார்த்து ரசித்திருப்பார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கிற காடு அது. பக்கத்திலிருக்கும் சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான தில்லை மரமும் இந்தக் காட்டைச் சேர்ந்ததுதான். 2022-ல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இவ்வளவு பெருமையுள்ள காடு ஒரு காலத்தில் பெரும்பகுதி மொட்டையாகக் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை மொத்தமாக வெட்டி எடுக்கும் முறை இருந்தது. வெட்டின இடம் தானாக முளைக்கும் என்று நினைத்தார்கள். முளைக்கவில்லை.

ஏன் முளைக்கவில்லை? இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. நிழல் போனதும் சேற்றில் வெயில் நேரடியாக விழுந்தது. ஈரம் காய்ந்து சேறு சுருங்கியது. தரை மட்டம் இறங்கித் தட்டுபோலப் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் இறக்கத்தில் வெளியே போகவில்லை. தேங்கிய தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் உமரிச் செடி தவிர வேறெதுவும் வரவில்லை. மாடு மேய்ந்ததாலோ விறகு வெட்டியதாலோ மட்டும் காடு அழிந்தது என்று ஊர்க்காரர்கள் தலையில் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையான கோளாறு லெவலில் இருந்தது!

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பள்ளமான இடத்தில் நடுவாக ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி தெரியும். அதனாலேயே மீன்முள் வாய்க்கால் என்று பேர். முதன்மை வாய்க்காலை இயற்கையான ஓடையோடு இணைத்ததும் கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, இறக்கத்தில் வெளியே போனது. உப்பு கழுவப்பட்டது. அதற்குப் பிறகுதான் வாய்க்கால் கரையில் கன்று வைத்தார்கள். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஆய்வு, சுமார் 15 வருஷத்தில் பிச்சாவரத்தில் காட்டுப் பரப்பு 90 சதவீதம் அளவுக்குக் கூடியதாகச் சொன்னது.

இதில் ராக்கெட் தொழில்நுட்பம் எதுவுமில்லை தோழர்களே! லெவல் எடுத்தார்கள், சரிவு பார்த்தார்கள், மண் வெட்டினார்கள். இரண்டாம் ஆண்டு சர்வேயிங் பிராக்டிகலில் நாம் செய்கிற அதே வேலை! ஆனால் கவனம் தேவை. பிச்சாவரத்தில் கடல் ஏற்ற இறக்கத்தின் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். சுந்தரவனத்தில் அது பல மீட்டர். அங்கே அரையடி தப்பினால் சமாளிக்கலாம். நம்ம கரையில் அரையடி தப்பினால் தண்ணீர் நின்றேவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது கண்டலுக்கும் பொருந்தும்.

நட்டதெல்லாம் எங்கே?

லெவல் பார்க்காமல் நட்டால் என்ன ஆகும்? பக்கத்திலிருக்கும் இலங்கையைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே கண்டல் நடவு பெரிய இயக்கமாக நடந்தது. அதில் 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. 9 இடங்களில் நட்ட கன்று ஒன்றுகூட மிச்சமில்லை. தப்பான இடத்தேர்வும், நட்ட பிறகு பராமரிக்காததும் முக்கியக் காரணங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே கதைதான். பல வருஷம் பணத்தைக் கொட்டி நட்டும் நெடுநாள் பிழைத்தவை 10 முதல் 20 சதவீதம்தான் என்று 2008-ல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் வெஸ்ட் லேக் பகுதியில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர், கொட்டிக் கிடந்த மண் மேட்டை இயற்கை மட்டத்துக்கு வெட்டி, ஓடைகளைத் திறந்துவிடச் செய்தார். அலையாத்திக் கன்று நடவே இல்லை. விதை தானே மிதந்து வந்து காடாகியது!

அடைப்பவர் யார்?

காட்டை அழிக்கக் கோடாரி வேண்டியதில்லை. கழிமுகத்தின் குறுக்கே ஒரு ரோடு போட்டு, கல்வெர்ட் பைப்பைக் கொஞ்சம் உயரத்தில் வைத்தால் போதும். ஒரு பக்கம் தண்ணீர் வராமல் காயும். இன்னொரு பக்கம் வடியாமல் அழுகும். கல்வெர்ட் டிசைன் பண்ணும்போது மேட்டிலிருந்து எவ்வளவு மழை வெள்ளம் வரும் என்றுதான் நாம் கணக்குப் போடப் பழகியிருக்கிறோம். கடலோரத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. ரோடு போட்ட கான்ட்ராக்டர் ஒரு மரத்தைக்கூட வெட்டியிருக்க மாட்டார். நாலு வருஷத்தில் காடு நின்ற இடத்திலேயே பட்டுப்போகும்.

இறால் பண்ணைக் கரைகளும் இதே வேலையைத்தான் செய்தன. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளுக்குப் பதிவு முறையில் மீண்டும் வழி திறந்தது.

கடல் தண்ணீர் போலவே நல்ல தண்ணீரும் வேண்டும். காவிரியின் கடைக்கோடியான முத்துப்பேட்டையில் இப்போது பெரும்பாலும் வெண்கண்டல் ஒன்றுதான் நிற்கிறது. அதிக உப்பைத் தாங்குகிற மரம் அது. ஆற்று நீர் குறைந்தால் மற்ற வகைகள் மெல்லக் காணாமல் போகும். "ஆத்துத் தண்ணி கடலுக்குப் போய் வீணாப் போச்சு" என்று இனி சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பி ஒரு காடும், இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும், அவற்றைப் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. பிச்சாவரத்து இருளர் மக்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். காடு போனால் அவர்களுக்கு வேறு கதி?

"மூணு மடங்கு நட்டுடறோம்!"

சட்டம் இல்லாமல் இல்லை. 1991-லேயே கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்துவிட்டது. 2019-ல் வந்த புதிய அறிவிக்கை என்ன சொல்கிறது? அனுமதி பெற்ற பணிக்காக அலையாத்தி அழிந்தால், அதைப்போல மூன்று மடங்கு பரப்பில் வேறு இடத்தில் நட்டுக் கொடுக்க வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு! ஆனால் அந்த வேறு இடம் எங்கே? அலையாத்தி வரக்கூடிய மட்டமும் ஓடையும் உள்ள இடத்தில் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும். இல்லாத இடத்தில் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் முப்பது மடங்கு நட்டாலும் விறகுதான் மிஞ்சும்.

2021 வன நிலை அறிக்கைப்படி இந்தியாவில் இருந்த அலையாத்திப் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பங்கு வெறும் 45! 2023-ல் மத்திய அரசு தொடங்கிய மிஷ்டி திட்டம், ஐந்து வருஷத்தில் நாடு முழுதும் சுமார் 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்தியை வளர்க்க இலக்கு வைத்தது. அந்தப் பணம் மீன்முள் வாய்க்காலுக்குப் போகிறதா, போட்டோவுக்குப் போகிறதா என்பதுதான் நம் கேள்வி.

"காடா, வேலையா?"

"துறைமுகம், ரோடு, மின் நிலையம் வந்தாத்தானே நமக்கு வேலை?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டுக் கஷ்டம் தெரிந்துதான் எல்லாரும் டிப்ளமோ படிக்க வந்திருக்கிறோம். ரோடு போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியான மட்டத்தில் இன்னும் நாலு கல்வெர்ட் வைத்துப் போடுங்கள் என்கிறேன். அதற்கும் இன்ஜினியர்தானே வேண்டும்?

காட்டின் பலனை மிகைப்படுத்தவும் வேண்டாம். சுனாமியின்போது அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வுகள் வந்தன. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே காரணம் என்று மறுப்பும் வந்தது. ஆனால் 1999 ஒடிசா சூப்பர் புயல் விஷயத்தில், கடலுக்கும் ஊருக்கும் நடுவே அகலமான அலையாத்தி இருந்த கேந்திரபாடா மாவட்டக் கிராமங்களில் சாவு குறைவு என்று 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. வருஷா வருஷம் புயலைப் பார்க்கிற நமக்கு அது போதாதா?

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. எந்த இடத்திலும் கன்று நடுவதற்கு முன் தரை மட்டமும் கடல் ஏற்ற இறக்கமும் அளக்கப்பட வேண்டும்.

2. நட்ட எண்ணிக்கையோடு, மூன்று வருஷம் கழித்துப் பிழைத்த எண்ணிக்கையும் அறிவிக்கப்பட வேண்டும்.

3. வெட்டிய வாய்க்கால் தூர்ந்துபோகும். தூர்வாரும் பணத்தையும் எஸ்டிமேட்டிலேயே சேர்த்து, அந்தந்த ஊர் மக்களிடம் பொறுப்பைத் தர வேண்டும்.

4. கடலோரச் சாலை டெண்டர்களில் கல்வெர்ட்டின் அடிமட்டம், கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து முடிவாக வேண்டும்.

5. நமது சர்வே கேம்ப்பில் ஒரு நாளாவது கழிமுகத்துக்குப் போய் லெவல் எடுக்க வேண்டும். நமது பேரவை இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றலாம்.

முதல் நான்கும் அரசாங்கத்தின் கையில். ஐந்தாவது நம் கையில். வருகிற ஜூலை 26-ல் கன்றோடு வருபவர்கள் வரட்டும். நாம் ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் எடுத்துக்கொண்டு போவோம்!