கெப் கடற்கரையில் ஒரு தட்டுச் சோறு



கம்போடியாவின் தென்கரையில் கெப் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குச் செல்லும் நம்மவர்களுள் ஒரு சாரார் ரொட்டியையும் ஊறுகாயையும் பையில் கட்டிச் சென்று, அதனையே உண்டு திரும்புகின்றனர். மறுசாராரோ 'கடலுணவுதானே' என்று கண்ட கடையிலெல்லாம் அமர்ந்துவிடுகின்றனர். இரண்டுமே சரியன்று என்பது என் கருத்து.

உணவு அங்கு மலிவுதான். ஏறக்குறைய 4,000 ரியெல் ஓர் அமெரிக்க டாலர். ஓரிரு டாலரில் வயிறு நிறையும். ஆனால், காலையில் எங்கும் மலிவாகக் கிடைக்கும் சோற்றுத் தட்டின்மேல் இருப்பது சுட்ட பன்றியிறைச்சி. அரிசி நூடுல்ஸ் சூப்பும் பெரும்பாலும் பன்றியெலும்பில் காய்ச்சியதே. மேலே இறால் மிதக்கிறதே என்று ஏமாந்துவிடலாகாது.

கெப்பின் பெருமை நண்டு. பக்கத்து மாகாணமான கம்போட்டின் பச்சை மிளகைக் கொத்தாகப் போட்டு வதக்குவார்கள். மணம் சந்தை முழுதும் வீசும். ஹனஃபி மத்ஹபில் மீன் தவிர்ந்த கடலுயிர்கள் ஆகுமானவையல்ல. ஷாஃபிஈ அறிஞர்களிடையே நண்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் தம் ஆலிமிடம் கேட்டறிந்துகொள்வதே நன்று. நான் மிளகின் மணத்தோடு நிறுத்திக்கொண்டேன்!

பின் எங்கு உண்பது? சாம் முஸ்லிம்களின் கடைகளில். பழைய சம்பா அரசின் வழித்தோன்றல்களான இம்மக்கள் அக்கரையோரம் மீன்பிடித்து வாழ்கின்றனர். தலைமுக்காடிட்ட பெண்கள் சுட்ட மீனும் சோறும் விற்பார்கள்.

அந்தத் தட்டை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ், தொழுகையைத் தடை செய்தது. குர்ஆன் பிரதிகளை அழித்தது. பொதுச் சமையற்கூடங்களில் பன்றியிறைச்சியை உண்ணுமாறு சாம் மக்களைக் கட்டாயப்படுத்தியது. மறுத்தமைக்காகக் கொல்லப்பட்டோர் உண்டு. சாம் மக்களுக்கு இழைக்கப்பட்டது இனப்படுகொலையே என்று ஐ.நா. துணையுடன் அமைந்த நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. உயிருக்கு அஞ்சி, நிர்ப்பந்தத்தால் உண்டவர்மீது குற்றமில்லை என்பது மார்க்கச் சட்டம். மறுத்து மாண்டவர்களின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. இவ்விரு சாராரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று அடுப்படியில் நின்று நமக்கு ஹலாலாகச் சமைத்துத் தருகின்றனர்.

அப்படியிருக்க, அக்கடைகளில் பேரம் பேசுவோரைக் காணும்போது மனம் வருந்துகிறது. கம்போட் சாலையோரக் கடையொன்றில் என்னுடன் வந்த உறவினர், 8,000 ரியெல் தட்டை 6,000க்குக் கேட்டு விரல்களைக் காட்டினார். கடைக்காரப் பெண்மணி சிரித்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, எங்கள் தட்டில் இன்னொரு மீனை எடுத்து வைத்தார். விலையைக் குறைக்கவில்லை. உறவினர் தலைகுனிந்தவாறு 10,000 ரியெல் தாளை நீட்டினார். மீதியை அவர் கேட்கவில்லை. ஆனால் அப்பெண்மணி எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஸலாம்" என்று கூறி அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டார்.