மேயும் குதிரைக்குப் போர்வை எதற்கு?

வட இந்தியாவில் மூடுபனி இறங்கியதும் ஆண்டுதோறும் ஒரு படம் நம் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. பனி படர்ந்த புல்வெளி, அதில் வண்ணப் போர்வை அணிந்து நிற்கும் ஒரு குதிரை, கீழே 'வாயில்லா ஜீவனுக்கும் குளிரும்' என்றொரு வரி. இவ்வாண்டு அதற்கும் ஒரு படி மேலே சென்று, மேய்ச்சல் அடைப்பில் விடப்படும் எல்லாக் குதிரைகளுக்கும் போர்வை வாங்க மாணவர்கள் நிதி திரட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு வரியில் மறுப்புத் தெரிவித்தேன். இரக்கமற்றவன் என்றார்கள், அது போகட்டும். 'ஆதாரம் எங்கே?' என்றும் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். குளிர்காலத்தில் கால்நடைகளின் மேல் சாக்குப் போர்த்துங்கள் என்று வேளாண் வானிலை அறிவுரைகள் சொல்வது உண்மை. ஆனால் அந்த அறிவுரை, இரவில் கொட்டிலில் கட்டப்பட்டிருக்கும் மாட்டுக்கும் எருமைக்கும் உரியது. கட்டப்பட்ட விலங்கு ஓடாது; போர்வை நழுவினால் தரையில் விழும், அவ்வளவே. அவிழ்த்துவிடப்பட்ட குதிரையின் நிலை முற்றிலும் வேறு. அது ஓடும், புரளும், பின்னங்கால் குளம்பால் காதைச் சொறியும், உடன் மேய்வதைக் கடிக்கும், கடிபடும். அச்சம் வந்தால் நின்று யோசிக்காது, பாயும். கொட்டிலுக்குச் சொன்னதை வெளிக்கு எடுத்துச் செல்வோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

மேய்ச்சல் போர்வையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மார்பில் இரண்டு பக்கிள்கள். வயிற்றுக்கடியில் குறுக்காகச் செல்லும் இரண்டு வார்கள். பின்தொடைகளின் உட்புறமாக வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று கோக்கப்படும் இரண்டு கால்வார்கள். வாலுக்கடியில் இன்னொன்று. வயிற்று வார் சற்றுத் தளர்ந்தால் புரளும்போது குளம்பு அதற்குள் நுழைந்துவிடும். மார்புப் பக்கிள் அவிழ்ந்துவிட்டால் போர்வை பின்னோக்கிச் சரிந்து வயிற்று வாரில் தொங்கும். குதிரை அதை மிதிக்கும், மிரளும், தன்னைத் துரத்தும் அந்தப் பொருளிலிருந்து தப்ப வேலியை நோக்கி ஓடும். நம் அடைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு முள்கம்பி வேலி என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. தாயின் கால்வாரில் குட்டியின் கால் சிக்கினால் நேர்வதை நான் விவரிக்கப் போவதில்லை.

இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஒன்று. அவிழ்த்துவிடும் குதிரையின் தலையில் அறுபடாத நைலான் தலைக்கயிற்றை விட்டுவைக்காதே, விட்டால் எளிதில் அறுபடும் தோல்வார் இருக்கட்டும் என்று முதலாண்டிலேயே கற்பிக்கிறோம். ஒற்றைத் தலைக்கயிற்றுக்கு இத்தனை எச்சரிக்கை! அதே குதிரையின் உடல் முழுவதும் ஏழு இடங்களில் பூட்டிய, 1200 டெனியர் நூலில் நெய்த, கிழியாது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கப்படும் துணியைக் கட்டி அனுப்புவதில் நமக்குத் தயக்கமில்லை. சிக்கிக்கொண்ட குதிரைக்குப் போர்வை கிழியாததுதான் முதல் ஆபத்து.

அடுத்தது தட்பவெப்பம். இப்போர்வைகள் பிரிட்டன் போன்ற நாடுகளின் குளிர்காலத்தை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டவை. அங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. மழையும் காற்றும் ஓயாதவை. கான்பூரில் தைக்கப்பட்டாலும் இப்பண்டத்தின் பிறப்பிடம் அந்த வானிலையே. ஹிசாரின் சனவரி அப்படியன்று. விடியலில் 4 அல்லது 5 டிகிரி. மூடுபனி விலகிய நாளின் பிற்பகலில் 20 டிகிரி. காலையில் போர்வையை அவிழ்க்க வேண்டிய சயீஸ் அன்று விடுப்பிலிருந்தால், அல்லது ஒருவரே பன்னிரண்டு குதிரைகளைப் பார்த்துக்கொள்பவராக இருந்தால், நண்பகல் வெயிலில் குதிரை கனத்த பஞ்சுப் போர்வைக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும். வியர்வை உலர வழியில்லை. மாலையில் அந்த ஈரத்தோடே குளிர் மீண்டும் இறங்கும். குளிரிலிருந்து காப்பதாகச் சொல்லிக் குதிரையை நனைத்துக் குளிரில் நிறுத்துகிறோம். தோளிலும் பிடரியின் அடிமேட்டிலும் உராய்வுப் புண்கள், ஈரத்தில் வளரும் டெர்மடோபிலோசிஸ், போர்வைக்கடியில் யாரும் பார்க்காமலே இளைத்துப்போகும் விலா — இவை தனிக்கதை.

நமக்குக் குளிர்கிறது, எனவே குதிரைக்கும் குளிர்கிறது என்பது விலங்கியல் வாதமாகாது. ஆடையின்றி நிற்கும் மனிதனுக்கு 25 டிகிரிக்குக் கீழே குளிரத் தொடங்கும். குதிரைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வெப்பச் சமநிலை எல்லை 5 முதல் 25 டிகிரி வரை. கனடாவின் குளிருக்குப் பழகிய குதிரைகளில் அதன் கீழெல்லை -15 டிகிரியை ஒட்டி அளக்கப்பட்டிருக்கிறது. பகல் குறையக் குறைய ரோமம் அடர்கிறது. மயிர் சிலிர்த்து நின்று காற்றைச் சிறைப்பிடிக்கிறது. போர்வையின் எடை முதலில் கெடுப்பது இந்தச் சிலிர்ப்பைத்தான். பெருங்குடலில் நார்த்தீவனம் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. ஆகவே நிதி திரட்டும் நண்பர்கள் அப்பணத்தில் உலர்புல் வாங்கட்டும், காற்றுத் தடுப்புச் சுவரும் கூரையும் கட்டட்டும். ஸ்பிதியிலும் சன்ஸ்காரிலும் தலைமுறைகளாகக் குதிரைகள் நம் ஹிசார் காணாத குளிரைத் தம் ரோமத்தோடு கடந்து வந்திருக்கின்றன.

என் மறுப்புக்கு எதிராக நார்வேயில் நடந்த 2016ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டினார்கள். நல்ல ஆய்வு, முழுவதும் படிக்க வேண்டிய ஆய்வு. 23 குதிரைகளுக்குக் குறியீட்டுப் பலகைகளைக் காட்டிப் 'போர்த்து', 'அவிழ்', 'அப்படியே விடு' என்று தம் விருப்பத்தைத் தெரிவிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் குதிரைகள் போர்வையைக் கேட்டன என்பதை மேற்கோள் காட்டுவோர், வானம் தெளிந்த நாளில் அவை அதை வேண்டாமென்றதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வின் சாரமே, குதிரையின் விருப்பம் அன்றன்றைய வானிலையோடு மாறுகிறது என்பது. டிசம்பரில் கட்டிப் பிப்ரவரியில் அவிழ்க்கும் வழக்கத்துக்கு அதில் இம்மியும் ஆதரவில்லை.

இனி ஆதாரக் கேள்வி. நான் பயின்ற ஒரு சிகிச்சையகத்தில், பின்னங்கால் எலும்பு முறிந்த இளம் பெண்குதிரை ஒன்று கொண்டுவரப்பட்டது. கால்வாரின் ஒரு முனை குளம்போடு சிக்கியிருந்தது. போர்வையின் மீதியை வேலியில் விட்டுவந்திருந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. பதிவேட்டில் எழுதப்பட்டது: 'மேய்ச்சலின்போது விபத்து.' போர்வை என்ற சொல்லே அதில் இல்லை. ஏனெனில் படிவத்தில் அப்படியொரு கேள்வி இல்லை. கேள்வியே இல்லாத இடத்தில் தரவு எப்படிச் சேரும்? தரவு சேராததையே ஆபத்தில்லாமைக்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வாளர்களாகிய நமக்கு அழகன்று.

போர்வையே கூடாதென்று நான் சொல்லவில்லை. ரோமம் கத்தரிக்கப்பட்டது, முதியது, மெலிந்தது, நோயிலிருந்து மீள்வது, தெற்கிலிருந்து நடுக்குளிரில் கொண்டுவரப்பட்டு ரோமம் வளராதது: இவற்றுக்குப் போர்வை தேவைப்படலாம். அப்போதும் கொட்டிலில் போர்த்துவதே மேல். வெளியில் விட்டே ஆகவேண்டுமானால் அளவு சரியாக இருக்க வேண்டும். வயிற்றுக்கும் வாருக்கும் இடையே ஒரு கையகல இடைவெளிக்கு மேல் கூடாது. நாளுக்கு இருமுறை அவிழ்த்து உடலைத் தடவிப் பார்க்க வேண்டும். குட்டியோடு நிற்கும் தாய்க்குக் கால்வார் கூடாது. அவிழ்க்கும் பொறுப்பு இன்னாருடையது என்று பெயர் எழுதி ஒட்டாத அடைப்பில் போர்வை நுழையவே கூடாது.

படிவத்துக்கு ஐந்து கேள்விகள் தயாரித்திருக்கிறேன்: போர்வை இருந்ததா, எவ்வகை, எத்தனை மணி நேரமாக, எந்த வார் சிக்கியது, கடைசியாக அவிழ்த்துப் பார்த்தது எப்போது. தங்கள் சிகிச்சையகத்தில் இக்குளிர்காலமே சேர்க்க விரும்புவோர் உள்பெட்டியில் கேட்டால் அனுப்புகிறேன்.