ஆராய்ச்சி யாருக்குச் சொந்தம்?

பட்டப் படிப்பின் கடைசிப் பருவம் வந்துவிட்டால், கல்லூரி வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடைகளுக்கு நல்ல காலம் பிறக்கிறது. அட்டை போடுகிறார்கள், அட்டையிலே பொன்னெழுத்துப் பொறிக்கிறார்கள், உள்ளே அறுபது பக்கமோ எண்பது பக்கமோ அச்சடித்துத் தருகிறார்கள். 'புராஜெக்ட்' என்பது அதன் பெயர். சென்ற ஆண்டு ஒருவன் கொடுத்ததை இந்த ஆண்டு இன்னொருவன் பெயரை மாற்றிக் கொடுப்பதும் உண்டு. பேராசிரியர் புரட்டுகிறார், கையெழுத்திடுகிறார், மதிப்பெண் விழுகிறது, ஏடு அலமாரிக்குப் போகிறது. அதற்குப் பிறகு அந்த ஏட்டைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது கரையான் ஒன்றுதான்!

எல்லாக் கல்லூரியிலும் இதுதான் நிலை என்று நாம் சொல்லவில்லை. தம் கைக்காசைப் போட்டு மாணவரை ஆய்வுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களை நாம் அறிவோம். ஆனால் விதிவிலக்கைக் காட்டி விதியை மறைக்க முடியுமா?

அந்தப் பொன்னெழுத்து அட்டைக்குப் பணம் கொடுத்தவர் யார்? மூட்டை தூக்கும் தகப்பன். தீக்குச்சி அடுக்கும் தாய். தங்கள் குடும்பத்திலே முதன் முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைக்கு, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த காசு அது. அந்தக் காசுக்கு அந்தப் பிள்ளை பெற்றது என்ன? அறிவா? அட்டையா? இதைத்தான் இன்று கேட்க விரும்புகிறோம்.

ஆராய்ச்சி என்றதும், அது ஏதோ கண்ணாடிக் குடுவைக்கு முன்னே நரைத்த தலையர் செய்கிற வித்தை என்று எண்ண வேண்டாம். பட்டறைத் தொழிலாளிக்கு அது புதிதே அல்ல. எஞ்சின் ஏன் முனகுகிறது? ஒன்றொன்றாகக் கழற்றிப் பார்க்கிறார். இதுவாக இருக்குமோ என்று ஐயுறுகிறார், சோதிக்கிறார், இல்லையென்றால் அடுத்ததற்குப் போகிறார். ஒரு முறைக்கு இரு முறை அளக்காமல் இரும்பை அறுப்பதில்லை. ஆராய்ச்சியும் அதுவே. சரியான கேள்வியைக் கேட்பது. அதே கேள்விக்கு முன்பு பாடுபட்டவர்கள் என்ன கண்டார்கள் என்று தேடிப் படிப்பது. கண்டதைக் கண்டபடி, தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது. தவறியதையும் மறைக்காமல் எழுதுவது. பிறர் கண்டதைப் பிறர் பெயராலேயே சொல்வது. இவ்வளவுதான். ஆனால் இவ்வளவையும் புத்தகம் படித்துக் கற்க முடியாது. நீச்சலைக் குளத்திலேதான் கற்க வேண்டும். ஆராய்ச்சியை ஆராய்கிறவர் அருகிலிருந்துதான் கற்க வேண்டும்.

அருகிருப்பதன் பயனுக்கு நம் சென்னையே சான்று. 1928ஆம் ஆண்டு ஜெர்மானியப் பேரறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியிலே படித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது மாணவர் ஒருவர், அவர் தங்கிய இடத்திற்கே தேடிச் சென்று சந்தித்தார். அவருடைய நூலைத் தாமே படித்து முடித்ததாகச் சொன்னார். அந்த நூலிலுள்ள இயற்பியல் அதற்குள் பழசாகிவிட்டது என்றார் அறிஞர். புதிய முறையில் தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படிகளை மாணவர் கையிலே கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1929இல், அந்த இளைஞரின் முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டிலே வந்தது. அப்போது அவர் பட்டம் கூடப் பெறவில்லை! அவர்தான் 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்.

"அவர் மேதை, மேதைகளின் கதையைச் சொல்லிச் சாதாரணப் பிள்ளைகளை மயக்கலாமா?" என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. மேதைகள் இல்லாத கதை ஒன்றைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

1915இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். இந்த நாட்டுப் பொருளாதாரத்தை லண்டனில் அச்சடித்த புத்தகத்திலே தேடி என்ன பயன் என்று அவர் எண்ணினார். தம்மிடம் பொருளாதாரம் படித்த மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களைப் போய்ப் பார்த்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம்? கூலி எவ்வளவு, நெல்லாகவா, காசாகவா? கடன் எவ்வளவு? உண்பது என்ன? மாணவர்கள் போனார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடஆற்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான், இராமநாதபுரம் வடமலாபுரம் என்று ஊர் ஊராக எழுந்த அந்தக் குறிப்புகள், 1918இல் நூலாக வந்தன.

அதோடு முடிந்ததா? இல்லை! 1936-37இல் பல்கலைக் கழகம் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆளனுப்பி ஆராய்ந்தது. 1980களிலும் ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இலும் போனார்கள். படியாளாகக் கடனிலே கட்டுண்டு கிடந்த உழவுத் தொழிலாளி தொண்ணூறு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான் என்று இன்று அளந்து சொல்ல முடிகிறதென்றால், அளவுகோலின் முதல் புள்ளியைக் குறித்து வைத்தவர்கள் யார்? கல்லூரி மாணவர்கள்! அவர்கள் எல்லோரும் நோபல் பரிசு பெறவில்லை, பெறவும் வேண்டியதில்லை. உண்மையை உள்ளபடி எழுதினார்கள். அது ஒரு நூற்றாண்டுக்கு உதவுகிறது. பேராசிரியருக்கு மாணவர்கள் உதவினார்கள். பேராசிரியர் மாணவர்களை ஆளாக்கினார். இரு பக்கமும் இலாபம், இழந்தவர் எவருமில்லை.

அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இதையே ஒரு நிலையான ஏற்பாடாக ஆக்கியது. போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் 1957இல் அங்கே பேசும்போது, கல்லூரிக்குள் வரும் மாணவனை வந்தவுடனே உண்மையான ஆராய்ச்சியில் இறக்க வேண்டும் என்றார். சொன்னவர் தாமே கல்லூரிப் படிப்பை முடிக்காதவர்! 1969இல் மார்கரெட் மக்விகார் என்ற இளம் இயற்பியல் ஆசிரியை அந்த எண்ணத்திற்கு உருக்கொடுத்தார். இளங்கலை மாணவர்கள் பேராசிரியர்களோடு சேர்ந்து ஆராய்வதற்கான அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. தோழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அதிலே உண்டு. அங்கே உதவி செய்யும் மாணவர், தம் உழைப்புக்கு ஊதியம் பெறலாம். அல்லது படிப்புக் கணக்கிலே சேரும் புள்ளியாகப் பெறலாம். மாணவன் உழைப்பும் உழைப்பே என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

இங்கே நடப்பது என்ன? 2022 டிசம்பரில் பல்கலைக் கழக மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்ட வரைவு, பட்டப் படிப்பிலே ஆராய்ச்சிக்கு இடம் தந்தது. மகிழத்தானே வேண்டும்? மகிழுமுன் நிபந்தனையைப் படியுங்கள். ஆராய்ச்சி நான்காம் ஆண்டிலே; அதுவும் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்க்கு! நான்காண்டுப் படிப்பு வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் தனி. நாம் கேட்பது இதுதான்: மூன்றாண்டு படிக்க வைக்கவே மூச்சு முட்டும் குடும்பம், ஆராய்ச்சிக்காக நான்காவது ஆண்டைத் தாங்குமா? காலையிலே செய்தித்தாள் போட்டுவிட்டு, மாலையிலே கடையில் கணக்கு எழுதிவிட்டு, இடையிலே கல்லூரிக்கு வருகிற பிள்ளை 68 விழுக்காடு வாங்கினால், அவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாதா? மனப்பாடத்திற்கு விழும் மதிப்பெண்ணை வைத்து ஆராயும் மூளையை அளப்பது, தராசு கொண்டு துணியை அளப்பதற்கு ஒப்பாகும்.

கதவைத் திறந்தால் மட்டும் போதாது; உள்ளே அழைத்து என்ன வேலை கொடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். 'ஆசிரியருக்கு உதவி' என்ற நல்ல சொல்லை நம் நாட்டிலே கெடுத்து வைத்திருக்கிறார்கள். விடைத்தாள் மதிப்பெண்ணைக் கூட்டுவது உதவி. கருத்தரங்கிலே நாற்காலி போடுவது உதவி. ஐயா வீட்டு மின்கட்டணம் கட்டி வருவதும் உதவி! இதற்குத் தமிழிலே எடுபிடி வேலை என்று பெயர். எடுபிடி வேறு, உதவியாளன் வேறு. எதற்காக இந்த வேலை என்று தெரியாமல் செய்பவன் எடுபிடி. கேள்வி இன்னது, நான் அளப்பது இன்னது, இதனால் தெரியப்போவது இன்னது என்று அறிந்து செய்பவன் உதவியாளன். அவன் உழைப்பு கட்டுரையிலே இருக்குமானால் அவன் பெயரும் கட்டுரையிலே இருக்க வேண்டும். நெய்தவன் ஒருவன், முத்திரை குத்துபவன் இன்னொருவன் என்ற கதை தறிக்கூடத்திலும் வேண்டாம்; ஆய்வுக்கூடத்திலும் வேண்டாம்.

ஆசிரியரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி முடித்துவிடவும் நாம் விரும்பவில்லை. உதவிப் பேராசிரியர் வாரத்திற்கு 16 மணி நேரம் வகுப்பிலே நிற்க வேண்டும் என்பது விதி. வகுப்புக்குத் தயாரிப்பது, தாள் திருத்துவது, தேர்வு நடத்துவது, படிவம் நிரப்புவது எல்லாம் அதற்கு மேலே. இன்னொரு பக்கம், கௌரவ விரிவுரையாளர்கள். பெயரிலே கௌரவம் இருக்கிறது. பணியிலே நிலைப்பு இல்லை. அடுத்த ஆண்டு தாம் இருப்போமா என்று தெரியாதவர், இரண்டாண்டு நடக்க வேண்டிய ஆய்வுக்கு மாணவனை எப்படி அழைப்பார்? மாணவனுக்கு ஆராய்ச்சி வேண்டுமென்றால் ஆசிரியருக்கு நேரம் வேண்டும். நேரத்தோடு நிலைத்த வேலையும் வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கையின் இரு முனைகள்.

பணமில்லை என்பார்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி தந்து வந்திருக்கிறது; நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூடிக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்கி வந்திருக்கின்றன. வழி இல்லாமலில்லை, அது சிலருக்கே தெரிந்த ஒற்றையடிப் பாதையாக இருக்கிறது. அதை எல்லோரும் நடக்கும் சாலையாக்க வேண்டும் என்கிறோம். அன்றியும், எல்லா ஆராய்ச்சிக்கும் கோடிக்கணக்கில் கருவி தேவையில்லை. திருப்பூர் மாணவி நொய்யல் கரைக் கிணறுகளில் உப்பின் அளவை மாதாமாதம் குறித்து வைக்கலாம். கைக்குள் அடங்கும் கருவி போதும். இராணிப்பேட்டை மாணவன் தோல் தொழிலாளரின் கையிலும் காலிலும் வரும் புண்ணைப் பற்றி, தக்க மருத்துவர் துணையோடு கணக்கெடுக்கலாம். தமிழ் படிக்கும் பிள்ளை, தன் ஊர்ப் படிப்பகத்தில் மட்கும் பழைய ஏடுகளுக்குப் பட்டியல் எழுதலாம். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த கோட்டையூர் ரோஜா முத்தையா, பழைய புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்ததை அடித்தளமாக வைத்துத்தான் 1994இல் சென்னையிலே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. பட்டம் அவரை அங்கே கொண்டு சேர்க்கவில்லை, பற்று சேர்த்தது.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாண்டு முதலே, மதிப்பெண் வேலியின்றி, விரும்பும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியரின் ஆய்விலே இடம். செய்த வேலைக்கு ஊதியம் அல்லது படிப்புப் புள்ளி. கட்டுரையிலே பெயர். வழிகாட்டும் ஆசிரியருக்கு வகுப்பு நேரத்திலே சலுகை. கண்டறிந்ததை, எந்த மக்களைக் கேட்டுக் கண்டறிந்தார்களோ அந்த மக்களுக்கே தமிழிலே திருப்பிச் சொல்லும் கடமை. இந்த ஐந்தும் பேராசையா? இல்லை, குறைந்த அளவு நியாயம்.

தோழர்களே, இதிலே உங்களுக்கும் வேலை இருக்கிறது. நாளை ஒரு மாணவி குறிப்பேடும் பேனாவுமாக உங்கள் தெருவுக்கு வந்து, கூலி என்ன, கடன் என்ன, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "உனக்கெதற்கு அம்மா இதெல்லாம்?" என்று திருப்பி அனுப்பாதீர்கள். திண்ணையிலே உட்கார வைத்து உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் சங்க அலுவலகத்துப் பெட்டியிலே கிடக்கும் பழைய கூலிச் சீட்டும், விபத்துக் குறிப்பும், வேலைநிறுத்தத் துண்டறிக்கையும் குப்பையல்ல, சான்று. பூட்டைத் திறந்து காட்டுங்கள்.

இன்றிரவு உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் மதிப்பெண் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். "உன் ஆசிரியர் எதை ஆராய்கிறார்? அதிலே நீ என்ன செய்கிறாய்?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால், மறுநாள் போய் ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். அன்று சென்னையிலே பதினெட்டு வயது மாணவர் ஒருவர் தேடிப் போய்க் கேட்டார், கிடைத்தது. நம் பிள்ளைகளும் கேட்கட்டும்! கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கும் வரை கேட்கட்டும்!