‘எலிகளில்’ என்ற ஒரு சொல்: பல்கலைக்கழக செய்தித் தொடர்பாளர் எதற்காக சண்டை போட வேண்டும்?

‘ஆய்வில் தகவல்’ என்று முடியும் ஒரு செய்தியாவது தினமும் போனில் வந்து விழுகிறது. காபி குடித்தால் இதயத்துக்கு நல்லது என்பார்கள். அடுத்த வாரமே கெட்டது என்பார்கள். பெரியப்பா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு செய்ததும், “இந்தப் பத்திரிகைக்காரங்களுக்கு வேற வேலையே இல்ல, எதையாவது ஊதிப் பெருசாக்கிடுவாங்க” என்று யாராவது பதில் போடுவார்கள்.

பழியில் ஒரு பங்கு நியாயம்தான். ஆனால் பல நேரங்களில் அந்தச் செய்தியின் முதல் வரைவு பத்திரிகை அலுவலகத்தில் எழுதப்பட்டதே கிடையாது. ஆய்வு நடந்த பல்கலைக்கழகத்திலேயே, தகவல் தொடர்புப் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுதியது அது. இதழியலோ விஸ்காமோ படித்துவிட்டு, நாளிதழ் வேலையின் நேரங்கெட்ட நேரம் பிடிக்காமல் இந்தப் பக்கம் வரும் இளைஞர்கள் அதிகமாகிறார்கள். வேலை பார்ப்பதற்கு சுகமானது போலத் தெரியும். உள்ளே போனால்தான் தெரியும், யாரோடெல்லாம் மல்லுக்கட்ட வேண்டும் என்று.

சரி, இவர் என்னதான் செய்கிறார்?

முன்பெல்லாம் பி.ஆர்.ஓ. என்றால் பட்டமளிப்பு விழாவுக்கு நிருபர்களை அழைப்பது, துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்றிய படத்தை எல்லா நாளிதழ்களுக்கும் அனுப்புவது. அது இன்றும் இருக்கிறது. ஆராய்ச்சி நடக்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் இன்னொரு வேலையும் கூடவே வளர்ந்துவிட்டது. பேராசிரியரின் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதும், அது தகவல் தொடர்பாளரின் மேஜைக்கு வரும். முப்பது பக்கக் கட்டுரையை அவர் ஒரு பக்கச் செய்திக் குறிப்பாக்க வேண்டும். ‘இன்ன தேதி, இன்ன மணி வரை வெளியிடக் கூடாது’ என்ற நிபந்தனையோடு அது நிருபர்களுக்கு முன்கூட்டியே போகும். இதற்கென்றே அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1996-ல் தொடங்கிய ‘யுரேக்அலர்ட்’ தளம் இருக்கிறது. அங்கே ஏறும் ஒரு குறிப்பு சில மணி நேரத்தில் பல நாடுகளின் செய்தி மேஜைகளைத் தொட்டுவிடும். தமிழ்ச் செய்தித் தளங்களில் வரும் பல அறிவியல் செய்திகளின் கொள்ளுத்தாத்தா இப்படிப்பட்ட ஒரு குறிப்பாகத்தான் இருக்கும்.

ஆக, முப்பது பக்கம் ஒரு பக்கமாகும்போது எது விழுகிறது, எது நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பவர் இவர். உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

“சார், இது எலியிலதானே பண்ணியிருக்கீங்க?”

“ஆமாப்பா. அதை உள்ள எங்கயாவது போட்டுக்கலாம். தலைப்புல எலின்னு இருந்தா யாரு படிப்பா?”

2019-ல் ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ஆய்வாளர் ட்விட்டரில் ‘ஜஸ்ட் சேஸ் இன் மைஸ்’ என்று ஒரு கணக்கு தொடங்கினார். மனிதர்களுக்கான மருந்தே கிடைத்துவிட்டது போல வரும் செய்திகளைப் பகிர்ந்து, மேலே ‘எலிகளில்’ என்று மட்டும் சேர்ப்பார். அவ்வளவுதான் அவர் செய்தது. கணக்கு சட்டென்று பிரபலமானது. பல செய்திகளில் அந்த ஒரே சொல்தான் விடுபட்டிருந்தது என்பதே காரணம்.

ஊதுவது யார்?

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதை எண்ணியே பார்த்தது. அந்நாட்டின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011-ல் வெளியிட்ட உடல்நலம் தொடர்பான 462 செய்திக் குறிப்புகளை எடுத்து, மூல ஆய்வுக் கட்டுரையோடும் பின்னர் வந்த செய்திகளோடும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். முடிவு 2014 டிசம்பரில் ‘பிஎம்ஜே’ இதழில் வந்தது. கட்டுரையில் இருந்ததைவிட மிகையான ஆலோசனை 40 சதவீதக் குறிப்புகளில் இருந்தது. ‘தொடர்பு இருக்கிறது’ என்பதை ‘இதனால்தான் அது வருகிறது’ என்று உயர்த்தியவை 33 சதவீதம். விலங்குகளில் கிடைத்த முடிவை மனிதர்களுக்கு நீட்டியவை 36 சதவீதம்.

விலங்கு ஆய்வு விஷயத்தில் குறிப்பிலேயே மிகை இருந்தால், அதிலிருந்து வந்த செய்திகளில் 86 சதவீதத்தில் அதே மிகை இருந்தது. குறிப்பு ஒழுங்காக இருந்தபோது, செய்தியில் மிகை வெறும் 10 சதவீதம். நிருபர் தானாக ஊதியதைவிட, ஊதிக் கொடுத்ததை அப்படியே வாங்கிப் போட்டதுதான் அதிகம்.

இதிலிருந்து வந்த இன்னொரு தகவல்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மேஜை மேல் ஒட்டிவைக்க வேண்டியது. மிகைப்படுத்திய குறிப்புகளுக்குக் கூடுதலாக செய்தி வாய்ப்புக் கிடைத்ததற்குப் பெரிதாக ஆதாரம் இல்லை. அதே குழு பிறகு பிரிட்டனின் ஒன்பது செய்திப் பிரிவுகளோடு சேர்ந்து 312 குறிப்புகளை வைத்து ஒரு சோதனையும் நடத்தி, 2019-ல் முடிவை வெளியிட்டது. ‘இது காரணத்தை நிரூபிக்கவில்லை’ என்பது போன்ற எச்சரிக்கை வரிகளைச் சேர்த்ததால் செய்தி வருவது குறைந்ததாகத் தெரியவில்லை. ‘உண்மையைச் சொன்னா எவனும் போட மாட்டான்’ என்ற வாதத்துக்கு, குறைந்தபட்சம் இந்த எண்களில் இடமில்லை.

ஒரு சாக்லேட் பாலின் கதை

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் 2015 டிசம்பரில் ஒரு செய்திக் குறிப்பு வெளியிட்டது. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சாக்லேட் பாலைக் குடித்த பள்ளிக் கால்பந்து வீரர்களிடம், தலையில் அடிபட்ட பிறகும்கூட நினைவாற்றல் போன்றவை மேம்பட்டன என்றது அந்தக் குறிப்பு. பிராண்ட் பெயரோடு. அமெரிக்கக் கால்பந்தில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தலையில் அடிபடுவது பெற்றோர் தூக்கம் கெடும் விஷயம். அங்கே போய் ‘பால் குடித்தால் பரவாயில்லை’ என்ற தொனியில் ஒரு பல்கலைக்கழகம் பேசியது.

‘சரி, அந்த ஆய்வுக் கட்டுரையைக் கொடுங்கள்’ என்று உடல்நலச் செய்திகளைச் சரிபார்க்கும் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். கொடுக்க எதுவும் இல்லை. கட்டுரை எந்த ஆய்விதழிலும் வெளியாகியிருக்கவில்லை. பல்கலைக்கழகமே விசாரணை வைத்தது. பால் துறையிடமிருந்து வந்த பெரிய நன்கொடையை ஆய்வாளர் தெரிவிக்கவில்லை என்பது 2016 ஏப்ரலில் வெளியான அறிக்கையில் வெளிவந்தது. குறிப்பு தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2 லட்சம் டாலருக்கும் அதிகமான தொகையைப் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுத்தது.

இந்தக் கதையில் வில்லனைத் தேடுவது சுலபம். ஆனால் அந்தக் குறிப்பு வெளியே போவதற்கு முன் யாராவது ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும்: எந்த இதழில் வந்தது? பணம் யார் கொடுத்தது? எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் பயிற்சி நிருபர்கூடக் கேட்கும் கேள்விகள்தான். பல்கலைக்கழகத்துக்குள் வந்ததும் அவை மரியாதைக் குறைவான கேள்விகளாகிவிடுகின்றன. பேராசிரியரிடம் போய் இருபத்தைந்து வயதுப் பையனோ பெண்ணோ எப்படிக் கேட்பது?

நோய் புதிதும் கிடையாது. 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகம், அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவை சாதித்துவிட்டதாக செய்தியாளர் கூட்டம் போட்டு அறிவித்தது. கட்டுரை அதற்குப் பிறகுதான் வெளியானது. மாநில அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

பெயருக்கு மதிப்பெண் உண்டு என்பதால். க்யூஎஸ் உலகத் தரவரிசையில் கல்வியாளர்களிடையே இருக்கும் நற்பெயருக்கு மட்டும் 30 சதவீத எடை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசையிலும், சக கல்வியாளர்களும் நிறுவனங்களும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு 10 சதவீதம். தரவரிசையில் நான்கு இடம் இறங்கினால் அடுத்த ஆண்டு அட்மிஷன் விளம்பரத்தில் என்ன போடுவது என்ற கவலை சென்னையிலும் கோவையிலும் உண்டு. ‘நம்ம பேரு வெளிய தெரியணும்’ என்று மேலிடம் சொன்னால், அந்த வாக்கியம் தகவல் தொடர்பாளரின் மாத இலக்காகக் கீழே இறங்குகிறது. எத்தனை செய்தி வந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள். அனுப்பாமல் நிறுத்திய குறிப்புக்கு அந்த எக்செல் தாளில் கட்டமே கிடையாது.

இதன் விபரீத முனைக்கு கலிஃபோர்னியாவின் யுசி டேவிஸ் உதாரணம். 2011 நவம்பரில், தரையில் அமைதியாக உட்கார்ந்து போராடிய மாணவர்கள் மீது வளாகப் போலீஸ்காரர் மிளகு ஸ்ப்ரே அடித்த காட்சி உலகம் முழுக்கப் பரவியது. இணையத்தில் அந்தக் கெட்ட பெயரை அமுக்க, பல்கலைக்கழகம் வெளி நிறுவனங்களுக்குக் குறைந்தது 1,75,000 டாலர் செலவழித்தது என்று 2016-ல் ‘சாக்ரமென்டோ பீ’ நாளிதழ் அம்பலப்படுத்தியது. ஐந்து ஆண்டுக்கு முந்தைய அந்தப் படங்கள் மறுபடியும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. மறைக்கக் கொடுத்த காசு விளம்பரமாகிப்போனது.

பல்கலைக்கழகம் சோப்பு கம்பெனி கிடையாது. ‘எங்கள் சோப்புதான் உலகிலேயே சிறந்தது’ என்றால் யாரும் நம்பி ஏமாறப்போவதில்லை. விளம்பரம் என்று தெரியும். பல்கலைக்கழகத்தின் லோகோவோடு வரும் தாளை மக்கள் விளம்பரமாகப் படிப்பதில்லை. சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு பொடிக்கு மாறுவது அந்த லோகோவை நம்பித்தான். அதனால்தான் இந்த வேலைக்கு, நிர்வாகத்திடம் ‘இது போகாது’ என்று சொல்லும் அதிகாரம் எழுத்தில் வேண்டும். ஆளின் துணிச்சலை நம்பி விடக்கூடிய விஷயம் இல்லை இது. குறிப்பின் இறுதி வடிவத்தை ஆய்வாளர் படித்துக் கையெழுத்திட வேண்டும். நிதி யாருடையது என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். வெளியாகாத ஆய்வுக்குக் குறிப்பு எழுதக் கூடாது. மூன்றும் காசு செலவாகாத விதிகள்.

இந்த வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர், ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று அவர்கள் கேட்கும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டுவிடலாம்: “நீங்க எழுதி முடிச்சு, அனுப்பாம நிறுத்தின குறிப்பு ஏதாவது இருக்கா? நிறுத்தச் சொன்னது யாரு?” அந்தக் கேள்விக்கு எதிரில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், அங்கே வேலை எப்படி இருக்கும் என்று பிறகு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.